தூசு இல்லாத வண்டி

அந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவியபோது வாளித் தண்ணீர் கலங்கவில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் இருப்பது சங்ககிரியில். என் கணவருக்குத் திருச்செங்கோட்டில் வேலை, போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் ஸ்டோர் கீப்பர். தினமும் அவர் போய் வந்தது, எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வாங்கிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில். கறுப்பு டேங்க், அதன் இரு பக்கமும் மெல்லிய சிவப்புக் கோடு, குரோம் பூசிய மட்கார்டு. ஓட்டுவது அவர். அதைப் பளபளவென்று வைத்திருப்பது நான்.

எனக்குத் தொழில் லாரிகளுக்கு எழுதுவது. முன்பு பிரஷ்ஷில் எழுதினேன், இப்போது மெஷினில் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறேன். பாடி கட்டும் பட்டறைகள் இருக்கும் தெருவில் சின்னதாக ஒரு கடை. பெயிண்ட்டைப் பார்த்தால் எத்தனை கோட் அடித்திருக்கிறார்கள், அவசரத்தில் காய வைத்தார்களா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஊரார் வண்டிகளை அப்படிப் பார்க்கிறவள் சொந்த வண்டியை மங்க விடுவேனா? டேங்க்கில் இருக்கும் சிவப்புக் கோடுகூட நான் கையால் இழுத்ததுதான்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவேன். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். துணி அதற்கு அப்புறம்தான். மண்ணோடு தேய்த்தால் பெயிண்ட்டில் கோடு விழும். பிறகு ஷாம்பூத் தண்ணீர், பழைய பனியன் துணியால் ஒற்றித் துடைப்பது, டேங்க்குக்குக் கொஞ்சம் வாக்ஸ், குரோமுக்குத் தனி பாலிஷ், செயினுக்கு மண்ணெண்ணெய். சைலன்சர் முனையில் கறுப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். டூ-ஸ்ட்ரோக் வண்டி புகையோடு எண்ணெயையும் துப்பும். நம்பர் பிளேட்டின் கீழ் ஓரத்திலும் பொட்டுப் பொட்டாக அந்த எண்ணெய் இருக்கும். அதைத் துடைக்கத் தனியாக ஒரு துணி உண்டு.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும். ஆடிக் காற்றில் அந்த வெள்ளைத் தூசு எதிலும் போய்ப் படியும். ஒரு வாரம் திருச்செங்கோடு போய் வந்த வண்டியைக் கழுவினால் முதல் வாளித் தண்ணீர் மோர் போல ஆகிவிடும். அன்று அந்தத் தண்ணீரில் என் வளையலைப் பார்க்க முடிந்தது.

சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரை எனக்கு நிற்க நேரமில்லாத வேலை. பள்ளி வேன்களெல்லாம் ஆய்வுக்குப் போகும் காலம், மஞ்சள் வண்டி ஒவ்வொன்றுக்கும் புதுசாக எழுத்து ஒட்ட வேண்டும். ஞாயிறும் கடையில்தான் இருந்தேன். அந்த இரண்டரை மாதமும் வண்டியை நான் சரியாகத் தொடவில்லை. அப்படியிருந்தும் அது சுத்தமாக இருந்தது.

சைலன்சர் முனையைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் லேசான கருமை ஒட்டியது, அவ்வளவுதான். நம்பர் பிளேட்டில் எண்ணெய்ப் பொட்டு இல்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியில் ஒரு பூச்சிகூட அடித்திருக்கவில்லை. உள்ளே மூக்கை வைத்தேன். வியர்வை வாசனை இல்லை.

"ஏனுங்க, வண்டியக் கழுவுனீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? இல்லையே" என்றார். செய்தித்தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். முகம் தெரியவில்லை.

வெயில் சாய்வாக விழும்போது டேங்க்கைப் பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட்டில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். உலர்ந்த துணியால், தூசு தட்டாமல், யாரோ தினமும் துடைத்திருக்கிறார்கள். அவர் துடைக்கிற ஆளில்லை. முப்பது வருஷத்தில் அந்த வண்டியில் அவர் துணி வைத்து நான் பார்த்ததில்லை. அப்படியானால் வேறொரு கை. அந்தக் கோடுகள் மேல் விரலை ஓட்டியபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் கெட்டதற்கு வந்த கோபம் போல இல்லை அது.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் கவனிக்கத் தொடங்கினேன். முன்பு எட்டரைக்குக் கிளம்புகிறவர் இப்போது எட்டு மணிக்கே கிளம்புகிறார். ஏழு மணிக்கு வந்துவிடுகிறவர் ஏழரைக்கு வருகிறார். கேட்டால் "ஸ்டாக் எடுக்கறாங்க" என்பார். ஸ்டாக் எடுப்பது வருஷத்துக்கு ஒரு முறை என்பது எனக்குத் தெரியாதா? கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்க்கலாம் என்றால் அது செத்து ஆறு வருஷம் ஆகிறது. சரி செய்யலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அவர்தான் தள்ளிப் போட்டார். அதுகூட இப்போது வேறு மாதிரித் தோன்றியது.

அடுத்த ஞாயிறு ஒரு வேலை செய்தேன். வாக்ஸ் டப்பாவிலிருந்து மிளகு அளவு எடுத்து, சைலன்சரின் கடைசிப் பகுதியில், அடிப் பக்கமாக வைத்தேன். இன்ஜின் பக்கத்தில் வைத்தால் தெருமுனை போவதற்குள் உருகிவிடும். வால் பக்கம் சூடாக வண்டி நன்றாக ஓட வேண்டும். திருச்செங்கோடு போய் வந்தால் அது எப்படி வழியும் என்பது பழக்கத்தில் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும் குனிந்து பார்த்தேன். வாக்ஸ் வைத்தது வைத்தபடி இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

கடைக்குப் போன் செய்தேன். ஏதோ சாக்கு வேண்டுமே, கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்டேன். போனில் வந்தது அவர் குரல்தான். பீரோவுக்கு மேல் இருக்கிறது என்றார். ஆக, கடைக்குப் போகிறார். வண்டி போகவில்லை. அப்படியானால் யாரோ அவரைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அந்தக் கடையில் பில் போடும் ஒரு பெண் இருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. சங்ககிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறியவள். அவள் பெயர் மனதில் வந்த பிறகு வேறு எதுவும் ஓடவில்லை. அவர் சட்டையைத் துவைக்கும்போது முகர்ந்தேன். வழக்கமான பெட்ரோல் புகை வாசனை இல்லை என்பதுதான் தெரிந்தது. அதுவே எனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

புதன்கிழமை மதியம் அந்தப் பெண்ணுக்கே போன் செய்தேன்.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கறேன். நீ வர்ற வழியில எங்க ஊட்டுக்காரர ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போறியாம்மா?"

பின்னால் யாரோ பேரிங் நம்பர் சொல்லிக் கேட்பது காதில் விழுந்தது.

"யாருங்க்கா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நாந்தான் கேக்கறேன்."

"அண்ணன் எப்பிடி வர்றாருன்னு எனக்குத் தெரியாதுங்க்கா. நான் ஒன்பதுக்கு வாரேன். அவரு அதுக்கு முன்னாலயே உக்காந்திருப்பாரு." பிறகு குரல் மாறியது. "என்னைய இப்பிடிக் கேக்கோணும்னு உங்களுக்குத் தோணுச்சுங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள். வைத்த வேகத்தையும் நான் குற்றமுள்ளவளின் வேகமாகவே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அவர் கிளம்பிய இரண்டாவது நிமிஷம் என் ஸ்கூட்டரை எடுத்தேன். சந்து வழியாக முந்திப் போய்த் திருச்செங்கோடு சாலையில் நின்றேன். அவர் வரவில்லை. இரண்டு கிலோமீட்டர் முன்னே போய்ப் பார்த்தேன். ரிக் லாரி ஒன்றும் காலேஜ் பஸ்கள் மூன்றும் என்னைத் தாண்டிப் போயின. கறுப்பு டேங்க் எதுவும் கண்ணில் படவில்லை. திரும்பி ஊருக்குள் வந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் உண்டு. பேர்தான் சைக்கிள் ஸ்டாண்ட், நிற்பதெல்லாம் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும். அதைக் கடக்கும்போது தகரக் கொட்டகைக்குள் நிழலில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. நான் இழுத்த கோட்டை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். வலது பக்கக் கோடு முடியும் இடத்தில் பிரஷ் லேசாகத் தடித்திருக்கும்.

வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நைட்டி, மேலே துண்டு. கையில் ஒரு சிவப்புத் துணி. அதை வைத்து எங்கள் டேங்க்கை வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரை வாசலிலேயே நிறுத்தினேன். நேரே போய் நின்றேன்.

"யாரு வண்டிங்க இது?"

"டோக்கன் போட்ட வண்டிங்க்கா. ஏனுங், உங்க வண்டிய உடோணுங்களா?"

"நீங்க எதுக்குத் தொடைக்கறீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சும்மாதாங்க்கா. பளய வண்டி, கண்ணாடியாட்ட வெச்சிருக்கறாரு. பஸ்ஸுக் கெளம்பறப்ப எல்லாத் தூசியும் இங்கதான் வருது. மத்ததெல்லாம் எப்பிடியோ கெடந்துட்டுப் போவுது, இத மட்டும் பாத்துக்கிட்டு இருக்க மனசு வரலீங்க."

"எத்தன நாளா இங்க நிக்குது?"

"சித்திர முடியறப்பலருந்துங்க. அந்த அண்ணன் டெய்லி எட்டேகாலுக்கு உட்டுட்டுச் செங்கோட்டு பஸ் ஏறிருவாரு. பொளுதோட வந்து எடுத்துட்டுப் போவாரு."

"தனியாவா?"

"தனியாத்தாங்க." அவளுக்கு இப்போது ஏதோ புரிந்திருக்க வேண்டும். துணியை மடித்தாள். "நீங்க அவரு ஊட்டுக்காரம்மாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வாயில் வந்தது இதுதான்: "துணிய ஒதறிட்டுத் தொடைங்க. இல்லாட்டிக் கோடு உளுகும்."

"சரிங்க்கா" என்று துணியை அங்கேயே உதறினாள். தூசு பறந்தது.

கடைக்குப் போய் உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. ஒரு லாரிக்கு எழுத்து வெட்டும்போது இரண்டு முறை தப்பாக வெட்டினேன். பஸ்ஸில் போவதில் என்ன தப்பு? அதை ஏன் மறைக்க வேண்டும்? எனக்குக் காட்டுவதற்காகவே வண்டியைக் காலையில் எடுத்துக்கொண்டு போய், சாயங்காலம் எடுத்துக்கொண்டு வருகிறாரே. பஸ்ஸில் யாராவது கூட வருகிறார்களோ? பில் போடும் பெண் போய் இன்னொரு பெண் மனதில் வந்தாள். அவளுக்கு முகம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்கெல்லாம் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. மூன்றாவது பஸ்ஸில் அவர் வந்தார். எல்லோரும் இறங்கும் வரை படியில் காத்திருந்து, கடைசி ஆளாக, காலால் தரையைத் தேடி இறங்கினார். கூட யாரும் இல்லை.

நான் அவருக்கு இடது பக்கம், இரண்டு எட்டு தூரத்தில் நின்றிருந்தேன். மஞ்சள் புடவை. ஒளிந்துகொள்ளக்கூட இல்லை. பிடிபட்ட முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நின்றேன். அவர் என்னைக் கடந்து போனார். பார்த்தும் பார்க்காதது போலப் போகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நெஞ்சழுத்தமா இந்த ஆளுக்கு என்று பின்னாலேயே நடந்தேன்.

பத்தடி போயிருப்பார். ஓரத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் கொய்யாப் பழம் வைத்திருந்தார். வண்டியின் கைப்பிடி இடது பக்கமாக வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் விலகிப் போகிற இடம். அவர் நேராகப் போய் இடுப்பில் இடித்துக்கொண்டார். நான்கைந்து பழம் உருண்டது. "பாத்துப் போங்க சாமி" என்றார் பழக்காரர். இவர் குனிந்து பழங்களைத் தேடினார். காலுக்குப் பக்கத்திலேயே ஒன்று கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டிக் கையை வைத்தார்.

நான் போய் அந்தப் பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நீ எங்க இங்க?"

"உங்க பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

அவர் பழத்தை வண்டியில் வைத்தார். இருவரும் ஸ்டாண்டுக்குப் போய், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே நின்றோம். டோக்கன் போடும் பெண் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"பக்கத்துல இருக்கறதெல்லாம் தெரிய மாட்டீங்குது" என்றார். "நேரா பாத்தா எல்லாம் பளிச்சுனு தெரியுது. பேப்பர்கூடப் படிக்கறேன். ஓரத்துல மட்டும் இல்ல. இருட்டுன்னு இல்ல, அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"எப்பருந்து?"

"தெரியல. சித்திரையில ஒரு நா, ரிக் வண்டி ஒண்ணு ஓரமா நின்னுச்சு. நான் அதப் பாக்கவே இல்ல. ஹேண்டில் முனை உரசுன பொறகுதான் தெரிஞ்சுது. நூல் அளவுல தப்பிச்சேன். அதோட மெயின் ரோட்டுல வண்டி ஓட்டறதில்ல."

இடது பக்க ஹேண்டில் முனையைப் பார்த்தேன். ரப்பர் கைப்பிடி புதுசு. ஆடி முதல் ஞாயிறே அதைப் பார்த்துவிட்டு, கவனிக்காமல் துடைத்திருக்கிறேன்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா ஆஸ்பத்திரிங்கற. ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டிய ஓட்டாதீங்கன்னுவாங்க. அப்பறம் வண்டி எதுக்குங்கற பேச்சு வரும். ஞாயித்துக்கெளம நீ துணியும் டப்பாவும் எடுத்துக்கிட்டு உக்காரும்போது இதச் சொல்ல முடியுமா?"

"அதுக்கு நான் என்னென்ன நெனச்சேன்னு தெரியுமாங்க?"

"என்ன நெனச்ச?"

நான் வண்டியின் ஸ்டாண்டை எடுத்தேன். அன்று வண்டியை நான் உருட்டினேன், அவர் என் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த வண்டி எவ்வளவு கனம் என்பது இத்தனை வருஷம் அதைத் துடைத்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வெகு நேரம் அசையவில்லை. அப்புறம் திடீரென்று அடிக்கடி அழுத்தினார். சும்மா அழுத்துகிறார் என்று எனக்குச் சந்தேகம். டாக்டர் அம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தெரியாமலே அழுத்தினீங்களா? மெஷின் அதையும் எழுதிடும். இன்னொரு தடவை செய்வோம்."

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு தேய்ந்திருக்கிறது என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், தினமும் விடாமல் போட வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. அவர் எதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, அவர் நேராக முன்னே பார்த்துக்கொண்டே வந்தார்.

பில் போடும் பெண்ணை அடுத்த வாரம் திருச்செங்கோட்டில் கடை வாசலிலேயே பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். "பரவாயில்லீங்க்கா, அண்ணனுக்குக் கண்ணு சரியானாப் போதும்" என்றாள். அப்புறம் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். தீபாவளிக்கு எப்போதும் பலகாரம் கொடுத்து அனுப்புகிறவள் அந்த வருஷம் அனுப்பவில்லை. மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவளுக்குப் போன் செய்ததைப் பற்றி அவரிடம் நான் பேசியதில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

வண்டி வீட்டில் நின்றது. ஓடும் வண்டியை விட நிற்கும் வண்டி சீக்கிரம் கெடும். ஐப்பசி மழையின்போது குரோமில் ஊசி முனை போலத் துரு பூத்தது. பாலிஷ் போட்டு எடுத்தால் அடுத்த வாரம் வேறு இடத்தில் பூத்தது. டேங்க்குக்குள் பெட்ரோல் கிடந்து பிசின் ஆகிறது என்றார் மெக்கானிக். "ஓட்டுங்க, இல்லாட்டிக் குடுத்துருங்க" என்றார்.

கொடுக்கலாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "நீ ஓட்டு."

"கியர் வண்டி எனக்கு வராதுங்க."

"வரும். கிளச்ச மெல்ல உட்டாப் போதும்."

ரிக் லாரிகள் நிறுத்தும் காலி மைதானத்தில் ஒன்றரை மாதம் பழகினேன். கிக்கரை உதைத்து முழங்காலில் வீக்கம். எத்தனை தடவை ஆஃப் ஆனது என்று கணக்கில்லை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே சொல்வார்: "கியர மாத்து. இப்ப. இப்பக் கொறை." ஒரு முறை சாய்த்துவிட்டேன். மட்கார்டு லேசாக நசுங்கியது. அதைப் பின்னாலிருந்து தட்டி எடுத்து நானே சரி செய்தேன். பாலிஷ் போட்டாலும் அந்த இடம் கொஞ்சம் அலையலையாகத் தெரியும்.

தை மாதம் ஒரு ஞாயிறு அவரைப் பின்னால் உட்கார வைத்துத் திருச்செங்கோடு சாலையில் முதல் தடவையாகப் போனேன். மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. அவர் இரண்டு கையாலும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்திருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பித்தார்.

"எடது பக்கம் ஏதாச்சும் வருதா?"

"ஒண்ணும் வரலீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என்னமோ சத்தம் கேக்குதே."

"நம்ம வண்டிச் சத்தந்தானுங்க அது."

எதிரே ஒரு பஸ் வந்து போனது. காற்றில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது.

"அம்மிணி, பொய் சொல்லாத" என்றார். "எடது பக்கம் ஏதோ வருது."

வேகத்தைக் குறைத்து, சாலையோரப் புளிய மரத்தடியில் நிறுத்தினேன். அவர் இறங்கித் தலையை முழுசாகத் திருப்பி இடது பக்கத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மரவள்ளிக் காடு, அதற்கு அப்பால் ஒரு மின்கம்பம். பிறகு ஏறி உட்கார்ந்து, "சரி, போ" என்றார்.